பிரசவத்துக்குத் துணையாகப் போகிறவருக்கு

பிரசவ அறைக்குள் கர்ப்பிணியுடன் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கலாம் என்னும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகமும் இதை நாடு முழுவதற்கும் அனுமதித்தது. ஆனால், உள்ளே போகிற அம்மாவுக்கோ அத்தைக்கோ நாத்தனாருக்கோ, அங்கே தாம் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பெரும்பாலோர் கட்டிலின் தலைமாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். குழந்தை அழுததும் அதன் பின்னாலேயே போய்விடுகிறார்கள். பல ஆண்டுகள் பிரசவ அறையில் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில், துணைக்கு வந்தவர்களிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். குழந்தையைப் பார்க்க ஊரே திரண்டு வரும். பெற்றவளைப் பார்ப்பதற்கென்று ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யார் போவது என்பதைக் கர்ப்பிணியே முடிவு செய்வதுதான் சரி. துணையாக வருகிறவர் தாமும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, அவருக்குத் தொற்றுநோய் எதுவும் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், பிரசவம் முடியும் வரை உடனிருக்க வேண்டும், மருத்துவப் பணியாளர்களின் வேலையில் குறுக்கிடக் கூடாது என்றெல்லாம் அரசு வழிகாட்டுதலில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் மறைப்பு இருக்கும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். என்னைக் கேட்டால், மகள் முனகியதும் தானும் அழுதுவிடுகிற தாயைவிட, நிதானமாக நிற்கத் தெரிந்த சித்தியோ அண்ணியோ போவது மேல். தாய் மனம் வருந்தினாலும் பரவாயில்லை, வெளியே இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுக்கட்டும்.

எட்டாம் மாதத்திலேயே முடிக்க வேண்டியவை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துவந்ததும் முதல் வேலையாக, அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் அவளுடைய தாய் சேய் நல அட்டையையும், கர்ப்பத்தை அரசுப் பதிவில் சேர்த்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் காட்டிப் பதிய வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாய்க்கு மட்டுமன்றி, பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டியிருக்கும். அட்டையை வாங்கி நீங்களும் ஒருமுறை படியுங்கள். ரத்த வகை என்ன, கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்ற மூன்றும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை; 7க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. ரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் ஏற்படும் சாதாரண இழப்பையே தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையைப் பெரும்பாலான பெண்கள் வாங்கி அலமாரியில் வைக்கிறார்களே தவிர, விழுங்குவதில்லை. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டும் குமட்டலுக்கு அஞ்சியும் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவதால் கெடுதல் ஒன்றுமில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சேராது.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் அட்டையின் மேலட்டையிலேயே பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் வகையாக இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டும். அதைத் தவறவிட்டால் இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த கர்ப்பத்தில்தான் அதன் கெடுதல் தெரியவரும்.

பையில் வைக்க வேண்டியவை அதிகம் இல்லை. துவைத்து வெயிலில் காயப்போட்ட பழைய பருத்தி வேட்டியை நான்கைந்து துண்டாகக் கிழித்து மடித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய சரிகை வைத்த சட்டையைவிடப் பிறந்த குழந்தைக்கு இதுவே இதம். குழந்தைக்குக் குல்லாய் ஒன்று, தாய்க்கு முன்புறம் திறக்கும் இரண்டு நைட்டி, நாப்கின், அட்டையும் ஸ்கேன் அறிக்கைகளும், ஒரு சிறு நோட்டும் பேனாவும், கைக்கடிகாரம். கடிகாரம் எதற்கென்று பின்னால் சொல்கிறேன். எந்த மருத்துவமனை, இரவு இரண்டு மணிக்கு யாருடைய வண்டி, அது கிளம்பாவிட்டால் 108ஐ அழைப்பது யார், தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்கக்கூடியவர் யார் என்பதையும் ஒருநாள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

கிளம்பும் நேரத்தை அறிவது

நிறைமாதத்தில் வந்துவந்து போகிற வலியைச் சூட்டு வலி என்பார்கள். சோம்புக் கஷாயம் குடித்துச் சற்றுப் படுத்தாலோ கொஞ்சம் நடந்தாலோ அது அடங்கிவிடும். அடிவயிற்றில் மட்டும் பிடிக்கும். நேரத்துக்கு நேரம் வலுக்காது. உண்மையான வலி முதுகின் அடியில், இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றிவரும். நடந்தாலும் படுத்தாலும் விடாது. இடைவெளி குறைந்துகொண்டே போகும். கையால் பார்த்து அறிவதற்கும் ஒரு வழி உண்டு. உள்ளங்கையை அவள் வயிற்றின் மேல்பகுதியில் அழுத்தாமல் படிய வைத்து, வலி உச்சத்துக்கு வரும்போது விரல்நுனியால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். உங்கள் மூக்கு நுனியைப் போல் அமுங்கினால் அது மென்மையான வலி. முகவாயைப் போல் இருந்தால் நடுத்தரம். நெற்றியைப் போல் கெட்டியாக இருந்தால் நல்ல வலி. செவிலியர் மாணவிகளுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. நீங்கள் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

கடிகாரம் இங்கேதான் வேண்டும். ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். முடிந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் தவறாகும். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடமாவது நீடிப்பது என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். மருத்துவமனை தொலைவில் இருந்தாலோ, இது இரண்டாவது, மூன்றாவது பிரசவமாக இருந்தாலோ அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. முதல் பிள்ளைக்குப் பதினாறு மணி நேரம் ஆனது என்ற நினைப்பில் சாவகாசமாகக் குளித்து, சாமி கும்பிட்டுப் புறப்பட்ட குடும்பங்களின் இரண்டாவது பிள்ளை ஆட்டோவில் பிறந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

வலியே இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டிய வேளைகள் சில உண்டு. பனிக்குடம் உடைந்தால் அந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று பொருள். சளியில் கோடு போலக் கலந்து வரும் ரத்தம் இயல்பு. மாதவிலக்கைப் போல வழியும் ரத்தம் ஆபத்து. விடாத தலைவலி, கண் முன்னே பூச்சி பறப்பது போன்ற மங்கல், மேல்வயிற்றில் வலி, முகம் வீங்குதல் ஆகியவை ரத்த அழுத்தம் ஏறிவிட்டதைக் காட்டும். 140/90 என்ற அளவைத் தொட்டாலே மருத்துவர் பார்க்க வேண்டும், வலிப்பு வரும் வரை காத்திருக்க முடியாது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாக அவள் சொன்னால், “எட்டாம் மாசத்துக்கு மேல பிள்ளைக்கு இடம் இருக்காது, அதான்” என்று சமாதானம் சொல்லாதீர்கள். அசைவின் விதம் மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது.

பிரசவ அறைக்குள்

போனதும் அவள் பேரையும் ரத்த வகையையும் பனிக்குடம் உடைந்த நேரத்தையும் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு உங்கள் வேலை தொடங்குகிறது. கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்தபின்தான் தீவிர வலிக்கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் இப்போது கணக்கிடுகிறது; அங்கிருந்து முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செவிலியரைக் கேட்பதால் எதுவும் விரைந்து நடக்காது, கேட்கக் கேட்கப் படுத்திருப்பவளுக்கு நம்பிக்கைதான் குறையும்.

மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மருத்துவர் தடுத்திருந்தாலொழிய அவளை நடக்க விடுங்கள். கட்டில் விளிம்பைப் பிடித்து முன்பக்கம் சாய்ந்து நிற்கட்டும். களைத்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வலி வரும்போது முதுகின் அடியில், இரண்டு பக்க இடுப்பெலும்புக்கும் நடுவில் இருக்கும் தட்டையான இடத்தில் உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்துங்கள். தடவிக்கொடுப்பது போல மேலோட்டமாகச் செய்தால் எரிச்சல்தான் வரும். உங்கள் உடல் எடையைக் கொஞ்சம் கொடுத்து, வலி ஏறும்போது அழுத்தத்தைக் கூட்டி, இறங்கும்போது குறைக்க வேண்டும். சரியான இடத்தில் கை பட்டதும் அவளே “அங்கதான், அங்கதான்” என்பாள். இரண்டு வலிக்கு நடுவே ஒரு வாய் மோரோ இளநீரோ கஞ்சித்தண்ணீரோ கொடுங்கள். சிசேரியன் வாய்ப்பு இருக்கிறது, வாயில் எதுவும் கொடுக்காதே என்று சொல்லியிருந்தால் மட்டும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும்.

வாய் முழுதாகத் திறக்கும் முன்பே முக்கச் சொல்லாதீர்கள். துணைக்கு வந்தவர்கள் செய்யும் பெரும் பிழை இதுதான். “முக்கு, முக்கு” என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவள் பலமெல்லாம் முன்கூட்டியே தீர்ந்துபோகிறது, கருப்பை வாயும் வீங்கிக்கொள்கிறது. நேரம் வந்துவிட்டதைச் செவிலியர் சொல்வார். அப்போதும் அவள் உடம்பே முக்க உந்தும். தலை வெளியே தெரியும் கணத்தில் முக்குவதை நிறுத்தி, வாயைத் திறந்து நாய் இளைப்பதுபோல் சின்னச் சின்னதாக மூச்சு விடச் சொல்வார்கள், கிழிசல் குறைவதற்காக. அந்த நேரத்தில் அவள் காதில் செவிலியரின் குரல் விழாது. உங்கள் குரல் விழும். முகத்தோடு முகம் வைத்து நீங்களே அப்படி மூச்சு விட்டுக் காட்டுங்கள், பார்த்துச் செய்வாள். வயிற்றின் மேல்புறத்தைக் கையாலோ முழங்கையாலோ அழுத்தித் தள்ளும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கருப்பை கிழியவும்கூட அது காரணமாகலாம். நீங்கள் செய்யாதீர்கள், வேறு யாரேனும் செய்தால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். துணைக்கு வந்தவர் பக்கத்தில் நின்று கேட்கிறார் என்பதே, வலியில் கத்துகிறவளை அதட்டுவதையும் கன்னத்தில் தட்டுவதையும் பெருமளவு குறைத்திருக்கிறது. என் சக பணியாளர்கள் கோபித்துக்கொண்டாலும் இது உண்மை.

குழந்தை பிறந்ததும்

பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பின்மேல் குப்புறக் கிடத்தி, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் மூடிவிட வேண்டும். குழந்தைக்கு அவள் உடம்பைவிட நல்ல கணப்பு வேறில்லை. குழந்தை நன்றாக இருந்தால், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்தே வெட்டுவார்கள். மூன்று நிமிடம் வரைகூடப் பொறுக்கலாம். அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியிலிருந்து வந்துசேரும் ரத்தம், பின்வரும் மாதங்களில் குழந்தையின் இரும்புச்சத்துக்கு ஆதாரம். நீங்கள் பதறி “ஏன் இன்னும் வெட்டலை?” என்று கேட்க வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மார்பைத் தேடத் தொடங்கும். தலையைப் பிடித்துத் திணிக்காமல் அதன் போக்கில் விடுங்கள். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பால் சில துளிதான் இருக்கும், குழந்தைக்கு அன்றைக்கு அதுவே போதும். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ நாக்கில் வைப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் யாருடைய குணம் பிள்ளைக்கு வர வேண்டுமோ அவர் கையால் சேனை வைப்பது என்பது அழகான நம்பிக்கைதான். அவர் குழந்தையை முதலில் தூக்கிக்கொள்ளட்டும், வாயில் எதுவும் வேண்டாம். வைட்டமின் கே ஊசி, பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி ஆகியவற்றைப் போட்டு அட்டையில் குறித்துவிட்டார்களா என்று மட்டும் பாருங்கள்.

இனிமேல் வருவதை இரண்டு முறை படியுங்கள். நஞ்சுக்கொடி விழுந்ததும் பிரசவம் முடிந்துவிட்டதாக எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். உலகெங்கும் பிரசவத்தை ஒட்டித் தாய்மார் இறப்பதற்கு முதன்மைக் காரணமான ரத்தப்போக்கு, பெரும்பாலும் அதற்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் பெருகுகிறது. கருப்பை சுருங்காமல் தளர்ந்துபோவதே காரணம். இதைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்த உடனே தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். போட்ட பிறகும் சிலருக்கு நிற்காது. அரை லிட்டருக்கு மேல் போனால் அது அளவுக்கு மீறியது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளுக்கு அதில் பாதியே ஆபத்தாக முடியலாம்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நள்ளிரவில் ஆண் குழந்தை பிறந்தது. பாட்டி, தாத்தா, மாமா எல்லோரும் வராந்தாவில் செல்போன் வெளிச்சத்தில் குழந்தையின் மூக்கு யார் சாடை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்திருந்த நாத்தனார் மட்டும் கட்டிலருகே இருந்தாள். “அண்ணி கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்காங்க சிஸ்டர், உதடு வெளுத்த மாதிரி இருக்கு” என்று வந்து சொன்னாள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். மேலே போட்டிருந்த நாப்கின் ஓரளவுதான் நனைந்திருந்தது. இடுப்புக்கு அடியில் கையை விட்டபோது மெத்தை உறை முதுகு வரை ஊறியிருந்தது. கருப்பையைத் தேய்த்துக்கொண்டே ஆள் அழைத்து, மருந்து ஏற்றி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்தாள். அந்த நாத்தனார் பத்தாம் வகுப்புப் படித்தவள், அதுவரை எந்தப் பிரசவத்தையும் பார்த்தவளும் அல்ல.

அவள் செய்ததை நீங்களும் செய்யலாம். முதல் இரண்டு மணி நேரம் கட்டிலை விட்டு நகராதீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கைப் பாருங்கள். அவள் முகம், உதடு, பேச்சு: வெளுத்திருக்கிறாளா, வியர்க்கிறதா, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறாளா. தொப்புளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்தால் கருப்பை தட்டுப்படும்; அது பச்சை மாங்காயைப் போல் கெட்டியாக இருக்க வேண்டும், மாவு உருண்டையைப் போல் குழைந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள், வரும் வரை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். நாப்கினைப் பார்ப்பதோடு நிற்காமல், இடுப்புக்கு அடியிலும் கை விட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்களிலேயே ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று நனைந்தாலோ, எலுமிச்சை அளவுக் கட்டிகள் விழுந்தாலோ தயங்கக் கூடாது. கடைசியாகச் சிறுநீர்: ஆறு மணி நேரத்துக்குள் அவள் கழித்திருக்க வேண்டும். எழுப்பி நிறுத்தும்போது ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல்முறை எழுந்ததும் மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

பிரசவம் ஆன கையோடு, கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர்-டி வைப்பது பற்றிப் பேச்சு வரலாம். நல்ல முறைதான், ஆனால் அவளிடம் விளக்கிச் சொல்லி, அவள் சம்மதம் பெற்று வைக்க வேண்டியது. வலியில் அரைமயக்கமாக இருப்பவளுக்குப் பதிலாக நீங்கள் தலையாட்டிவிடாதீர்கள். எட்டாம் மாதத்திலேயே அவளும் கணவரும் பேசி முடிவெடுத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

வழியிலேயே பிறந்துவிட்டால்

108 வருவதற்குள் தலை தெரியத் தொடங்கிவிட்டால் அவளை ஓட வைக்கவோ, கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளவோ வேண்டாம். தரையில் சுத்தமான துணி விரித்து, மின்விசிறியை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தையை இழுக்காதீர்கள், அது வரும், நீங்கள் ஏந்தினால் போதும். கழுத்தில் கொடி தளர்வாகச் சுற்றியிருந்தால் விரலால் தலைக்கு மேல் தூக்கி விடுங்கள். பிறந்ததும் நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை எறிந்துவிட்டு, உலர்ந்த துணியோடு தாயின் மார்பில் கிடத்துங்கள். அழாவிட்டால் முதுகைத் தேய்த்துவிடுங்கள், உள்ளங்காலைச் சுண்டுங்கள். தலைகீழாகப் பிடித்து அடிப்பது கூடாது. கொடியை வெட்டவே வேண்டியதில்லை, அரிவாளும் பிளேடும் வேண்டாம். நஞ்சுக்கொடி தானாக விழுந்தால் அதையும் ஒரு பையில் போட்டுக் குழந்தையோடே எடுத்துச் செல்லலாம். கொடியைப் பிடித்து இழுத்து நஞ்சை எடுக்க முயல்வது உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்தபின்

சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருங்கள். “நல்ல நேரம் போயிடும்” என்று மறுநாளே கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறவர்களிடம் நான் தோற்றதுதான் அதிகம். அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட இலவச ஊர்தியும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பச்சை உடம்புக்காரிக்கு நம் வீடுகளில் செய்யும் பக்குவங்களில் நல்லவை பல: வேறு வேலை கொடுக்காமல் நாற்பது நாள் உட்கார வைப்பது, பூண்டும் மிளகும் சேர்த்த குழம்பு, சுறாப்புட்டு, பேறுகால லேகியம் அளவோடு கொடுப்பது, வெந்நீர்க் குளியல். விட வேண்டிய ஒன்று தண்ணீரைக் குறைப்பது. உடம்பு ஊதிவிடும், வயிறு தொங்கிவிடும் என்று சொல்லி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிறுத்துகிறார்கள். பால் கொடுக்கிற பெண் தாகம் தீரக் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வந்து தையல் போட்ட இடம் வலிக்கும், சிறுநீரிலும் தொற்று வரும். பத்தியம் என்று கீரை, பழம், முட்டை எல்லாவற்றையும் நிறுத்துவதும் வீண். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தொடர வேண்டும்.

குழந்தைக்கு முதல் 24 மணி நேரம் குளியல் வேண்டாம். எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், எப்போது குளிப்பாட்டலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட குழந்தையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வெற்று மார்போடு அணைத்து வைத்திருப்பதுதான் மருந்து. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. கங்காரு முறை என்கிறோம். தாய் களைத்தால் பாட்டி செய்யலாம், அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்யலாம். குழந்தைக்குக் குளிர்கிறதா என்று அறிய, புறங்கையால் அதன் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி; வயிறு சூடாக இருந்து பாதம் சில்லென்றிருந்தால் இப்போதே மார்போடு அணையுங்கள்; இரண்டும் சில்லென்றிருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

தொப்புளில் சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வைக்காமல் காய விட்டால், ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானே விழுந்துவிடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மார்புக்காம்பைப் பிதுக்குவது, கண்ணுக்கு மை தீட்டுவது, தொக்கம் எடுப்பது, உரைமருந்து புகட்டுவது ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம். திருஷ்டிப் பொட்டை வேண்டுமானால் உள்ளங்காலில் வையுங்கள், அது யாருக்கும் கெடுதல் செய்யாது. பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாள் முதல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் போதுகிறது. முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். பால் குடிக்க மறுத்து மந்தமாகக் கிடப்பது, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளிழுப்பது, காய்ச்சல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது, முதல் நாளிலேயே மஞ்சள் தெரிவது, அல்லது எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளைக் குழல்விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள்.

தாய்க்கு நாற்றமுள்ள போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மார்பில் சிவந்த கட்டி, மறுபடியும் பெருகும் ரத்தம் ஆகியவை இருக்கின்றனவா என்று தினமும் கேளுங்கள். ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, பிரசவம் ஆன பிறகும் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடும் தலைவலியைத் தூக்கமின்மை என்று தள்ளிவிடாதீர்கள். மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுவது பெரும்பாலான பெண்களுக்கு வந்து, சில நாளில் தணிந்துவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அவள் சோர்ந்தே இருந்தால், குழந்தையை ஏறிட்டுப் பார்க்காமல் இருந்தால், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒருமுறை சொன்னால்கூட, அதைத் திமிர் என்றோ காற்றுக்கருப்பு என்றோ சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த நாட்களில் அவளைக் குழந்தையோடு தனியே விடாதீர்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள். வரிசையில் நின்று, ஊசி போட்டு, காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன் அட்டையின் தாய்க்கான பக்கத்தைத் திருப்பி வைத்து, “சிஸ்டர், இவளுக்கும் பிபி பாருங்க, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுங்க” என்று கேட்டு, இரண்டு எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.